பேரேட்டில் இருக்கும் பெயர்கள்

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள எல்லாச் சாலைகளிலும் மனிதர்கள் மேற்கு நோக்கி நடப்பார்கள். பச்சையும் காவியும் மஞ்சளும் உடுத்தி, தோளில் சிறு பையுடன், பழனியை நோக்கிப் போகும் அந்த வரிசையில் நகரத்தார் காவடி தனியாகத் தெரியும். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல்லுக்குள் நுழைந்து, ஒட்டன்சத்திரம் கடந்து பழனி மலையடிக்குப் போய்ச் சேரும் நடை அது. பல தலைமுறைகளாக ஒரே வழி.

பூசம் முடிந்து சாலை அடங்கிய பிறகு அதே வழியில் எதிர்த்திசையில் போனேன். திண்டுக்கல்லில் கிளம்பி, நத்தம் சாலையில் கிழக்கே, செட்டிநாட்டுக்கு. வட்டிக்கடை நடத்தியவர்கள் எப்படிக் கலையின் காவலர்களானார்கள் என்ற கேள்வி வெகுநாளாக மனதில் கிடந்தது. இத்தாலியில் மறுமலர்ச்சிக் காலத்தைப் படிக்கிறவர்கள் புளோரன்ஸ் நகரத்து மெதிச்சிக் குடும்பத்தைத் தவறவிட முடியாது. 1397இல் ஜொவான்னி தி பிச்சி தொடங்கிய வங்கி. அவர் மகன் கோசிமோ, கோசிமோவின் பேரன் லொரென்சோ. அவர்கள் பணத்தில் தோன்றிய கோயில்களும் நூலகங்களும் சிற்பங்களும் ஓவியங்களும். நம் பக்கத்தில் அதற்கு மிக அருகில் நிற்பவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்தான். அவர்கள் கதையின் பழைய அத்தியாயம் ஒன்று எழுதப்பட்டது திண்டுக்கல் சமவெளியைக் கடந்து போகும் இந்தப் பாதையில். அதனால்தான் பயணத்தை இங்கே தொடங்கினேன்.

அந்த அத்தியாயம் உப்பைப் பற்றியது. கடலோரத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்ற வணிகர்களில் குமரப்பன் என்று ஒருவர். பழனிக்கு வந்து, கோயில் பூசை செய்பவர் வீட்டில் தங்கி வியாபாரம் செய்தார். லாபத்தில் ஒரு பங்கை மகமையாக முருகனுக்கு எடுத்துவைத்தார். பிறகு அவர் ஊர்க்காரர்கள் சேர்ந்தார்கள், மகமை வளர்ந்தது, பூசைக் கட்டளையானது, மடமானது, ஆண்டுதோறும் நடைப்பயணமானது. பழனியில் நகரத்தாருக்கு இருக்கும் உரிமைகளையும் அவர்கள் ஏற்ற கடமைகளையும் சொல்லும் பழைய பட்டயங்களில் இந்தக் கதை இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரட்னர் நகரத்தார் வணிகத்தைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் இந்தப் பட்டயங்களுக்கு முக்கிய இடம் தந்திருக்கிறார். கடன் கொடுக்க நாணயம் வேண்டும். அந்நிய ஊரில் நாணயத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். அந்த ஊர்ச் சாமிக்கே லாபத்தில் பங்கு கொடுக்கிற வணிகனை ஊர் நம்பியது. பக்தி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. பக்தியும் வணிகமும் ஒரே கணக்கில் ஏறிய காலம் அது.

புளோரன்ஸிலும் அப்படியே. மெதிச்சிகளுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே பார்தி என்ற வங்கிக் குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் கடவுளுக்கென்று ஒரு பற்று வரவு உண்டு. லாபம் பிரிக்கும்போது அவர் பங்கும் பிரிக்கப்படும். அது ஏழைகளுக்குப் போகும். வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொல்லிக்கொண்டிருந்த நாட்டில் இந்தப் பங்கில் அச்சமும் கலந்திருந்தது. பாதுவா நகரத்தில், கடும் வட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரின் மகன் என்ரிகோ ஸ்க்ரொவெஞ்சி கட்டிய சிறு கோயிலில் ஜொத்தோ 1305 வாக்கில் சுவர் முழுக்கத் தீட்டிய ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. தந்தையின் பாவத்துக்குக் கழுவாயாக அது எழுந்தது என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. நம்மூரில் வட்டி பாவமாகக் கருதப்படவில்லை. வாங்கியவன் கொடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே எதிர்பார்ப்பு.

திண்டுக்கல்லில் முதலில் மலைக்கோட்டை ஏறினேன். மதுரை நாயக்கர்களில் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605இல் எழுப்பியது. பிறகு ஹைதர் அலி, திப்பு, கடைசியில் கம்பெனி. வழுக்கும் பாறையில் வெட்டிய படிகளில் ஏறி மேலே போனால் தெற்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர், நடுவில் விரியும் சமவெளி. பழனிச் சாலையும் நத்தம் சாலையும் கரூர்ச் சாலையும் பிரிவதை ஒரே பார்வையில் காணலாம். வரி, படை, பண்டம் மூன்றும் இந்த மலையடியைச் சுற்றித்தான் போயாக வேண்டும். இங்கே ஏன் கோட்டை கட்டினார்கள் என்று மேலே நிற்கும்போது யாரும் விளக்கத் தேவையில்லை.

ஊருக்கு வடக்கே, குடகனாற்றங்கரையில் தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் தாயார் சந்நிதி முன்மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள் நிற்கின்றன: இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், உலகளந்த பெருமாள், ரதி, மன்மதன், ஊர்த்துவ தாண்டவர், தில்லைக் காளி. நரசிம்மரின் விரல் இரணியனின் வயிற்றுக்குள் புகும் இடத்தில் கல் சதையாகிறது. ரதியின் ஆபரணத்தில் முத்துமுத்தாக உளியடி. இதைச் செய்தவன் யார் என்று கேட்டால் “நாயக்கர் காலம்” என்றுதான் பதில் வருகிறது. அரசர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, தானம் தந்தவர் பெயர் இருக்கிறது, எந்த நிலம் யாருக்கு என்பதும் இருக்கிறது. அந்த விரலைச் செதுக்கியவன் பெயர் இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் நான் பலமுறை சந்தித்த வெற்றிடம்தான். ஆனாலும் இந்த முறை அது என்னோடு வண்டியில் ஏறி வந்தது.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர், இரும்புப் பெட்டிக்கும். மாங்காய்ப் பூட்டு என்ற மாங்காய் வடிவப் பூட்டையும் உள்ளே மணியடிக்கும் பூட்டையும் இன்னும் கையால் செய்கிறவர்கள் மிகச் சிலரே இருக்கிறார்கள். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலைக்கும் அதே ஆண்டுதான். ஒரே பாதையில் உள்ள மூன்று ஊர்களின் கைவேலைக்கு ஒரே ஆண்டில் அங்கீகாரம்! நான் போன பட்டறையில் ஒரு பெரியவர் பித்தளைத் தகட்டை அரம் போட்டுக்கொண்டிருந்தார். பூட்டின் முகத்தில் அடிக்கும் பெயரைப் பற்றிக் கேட்டேன்.

“கடை பேருதான் தம்பி அடிப்போம். செஞ்சவன் பேரை யாரு கேக்கப் போறா?” என்றார். கோபமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை. ஆனால் ஒரு பூட்டின் சாவி வேறு எந்தப் பூட்டுக்கும் பொருந்தாதபடி நெம்புகோல்களை மனக்கணக்கிலேயே மாற்றி மாற்றி அமைக்கத் தெரிந்தவர் அவர்.

நத்தம் சாலையில் மாந்தோப்புகள், கரந்தமலைச் சரிவு, பிறகு கொட்டாம்பட்டியில் திருச்சி நெடுஞ்சாலையைக் கடந்து சிங்கம்புணரி. தெருவோரம் தென்னை நார் காய்கிறது. திருப்பத்தூரில் நிற்கவில்லை, மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்ட ஊர் அது, தனியாகப் போக வேண்டிய பயணம்.

பிள்ளையார்பட்டியில் நின்றேன். குடைவரையில் உள்ள பிள்ளையார் நகரத்தாருக்கு முந்தைய பழமை கொண்டவர். ஆனால் இன்று நாம் காணும் கோயிலின் மண்டபங்களும் கோபுரமும் நகரத்தார் திருப்பணி. இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள் அவர்களுக்கு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது. கோயில்தான் குலம், கோயில்தான் சபை. வயிரவன்பட்டியிலும் இரணியூரிலும் உள்ள தூண் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு, தாடிக்கொம்பில் வேலை செய்த கைகளின் வழித்தோன்றல்கள் பிழைப்பற்றுப் போகவில்லை என்பது விளங்கும். அரசர்கள் போன பிறகு, கல்தச்சர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தவர்கள் நகரத்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாடல் பெற்ற தலங்கள் பலவற்றை அவர்கள் புதுப்பித்தார்கள். சிதம்பரமும் திருவண்ணாமலையும் அந்தப் பட்டியலில் உண்டு.

இதில் ஒரு குறையும் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. புதுப்பிப்பது என்றால் அந்தக் காலத்தில் பழையதைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. சோழர் காலச் சுவர்கள் பிரிக்கப்பட்டபோது கல்வெட்டுகள் தலைகீழாகவும் துண்டாகவும் புதுச் சுவரில் ஏறின. சில காணாமலே போயின. கல்வெட்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி வேதனையோடு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வேதனை சரியானது. புதுக் கருங்கல் மண்டபம் எவ்வளவு உயர்ந்தாலும் போன கல்வெட்டுக்கு ஈடாகாது.

ஆனால் பிள்ளையார்பட்டி இன்னொன்றையும் தந்தது. இந்த ஊரில் பிறந்த வைத்தியநாத ஸ்தபதியின் மகன்தான் வை. கணபதி ஸ்தபதி. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிக்கூடம் தொடங்கியபோது அதன் பொறுப்பு தந்தையிடம் வந்தது, பிறகு மகனிடம். குமரிமுனையில் 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை கணபதி ஸ்தபதியின் வேலை. பரம்பரை பரம்பரையாகக் கோயில் திருப்பணியில் தேர்ந்த கைத்திறன் அது. ஆனால் அந்தப் பரம்பரையின் பெயர் நாட்டுக்குத் தெரிந்தது அரசுக் கூடத்தில் நாற்காலி கிடைத்த பிறகுதான்.

ஆத்தங்குடிக்குத் திரும்பும் சாலையில் வெயில் ஏறிவிட்டது. இங்கே ஓடு செய்யும் முறையை நின்று பார்க்க வேண்டும். சதுரக் கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் தகட்டால் ஆன அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலவாமல் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்த நொடிக்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும், அதன்மேல் ஈரச் சாந்து. வெயிலில் காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, பிறகு கண்ணாடியைப் பிரித்தால் ஓட்டின் முகம் கண்ணாடியின் மினுமினுப்போடு வெளிவருகிறது. சூளை இல்லை, தீ இல்லை. “இந்த ஊர் மணலுக்கு ஒரு குணம் உண்டுங்க. வெளியூர்ல போய்ப் போட்டா இந்தப் பளபளப்பு வராது” என்றார் அச்சைக் கழுவிக்கொண்டிருந்தவர். பெரிய வீடுகளுக்கு இத்தாலியப் பளிங்கும் ஐரோப்பியக் கண்ணாடியும் கப்பலில் வந்துகொண்டிருந்த நாட்களில், அவற்றோடு போட்டி போட்டு நின்ற உள்ளூர்ச் சரக்கு இது. இன்றும் விலை போகிறது. வங்கிகளும் வட்டிக்கடைகளும் போன பிறகும் இந்த ஓடு நிலைத்ததற்கு ஒரே காரணம், இது வாங்கிவந்த அழகாக இல்லாமல் செய்யக் கற்றுக்கொண்ட வேலையாக இருந்ததுதான்.

கானாடுகாத்தானில் தெருக்கள் நேராக ஓடுகின்றன. ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். திண்ணையும் பட்டாலையும் வளவும் இரண்டாம் கட்டும் ஒரே நேர்க்கோட்டில். வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குப் பின் கதவாகக் கடைசி வெளிச்சம் வரை கண் போகிறது. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர் இன்றும் குளிர்ச்சி. தூண்கள் பர்மாத் தேக்கு. முகப்பின் உச்சியில் கஜலட்சுமி. அவளுக்கு இருபுறமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைச் சிப்பாய்கள், சுதைப் பொம்மைகளாக. சிரிக்கத் தோன்றினாலும் சிரிக்க முடியாது. உலகத்தில் தாங்கள் பார்த்த அதிகாரங்கள் எல்லாவற்றையும் வீட்டுக்காரர்கள் நெற்றியில் எழுதிவைத்தார்கள்.

அந்தத் தேக்கும் அந்தப் பணமும் எங்கிருந்து வந்தன என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1852இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி வடிநிலத்துச் சதுப்புக் காடு நெல் வயலாயிற்று. அந்த வயலுக்குக் கடன் கொடுக்க ஐரோப்பிய வங்கிகள் முன்வரவில்லை, நகரத்தார் போனார்கள். ஏஜெண்டாகப் போகிறவர் மூன்று ஆண்டு அங்கே இருந்து கணக்கை முடித்து ஊருக்குத் திரும்புவார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி உயரும் படிகள் அந்தத் தொழிலில் இருந்தன. போன இடமெல்லாம் தெண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இல் எழுந்தது. இரங்கூனில் மாதந்தோறும் நடப்பு வட்டி எவ்வளவு என்று கூடிப் பேசி முடிவு செய்ததும் கோயிலில்தான். உப்பு மூட்டையோடு தொடங்கிய பழனி முருகன் உறவு கடல் தாண்டியும் அப்படியே நின்றது. 1929–30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள். முதல் சுமார் 75 கோடி ரூபாய்.

அடுத்து வந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம் செட்டியார் வசம். 1938இல் 25 விழுக்காடு. நிலத்தை வைத்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை, பணம்தான் வேண்டும் என்றார்கள் என்பது உண்மை. நிலத்தை இழந்த பர்மிய உழவனின் கண்ணீரும் உண்மை. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். விடுதலைக்குப் பின் 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. சொத்து போயிற்று. கானாடுகாத்தான் வீட்டின் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கும்போது அதில் மூன்று பேர் உழைப்பு இருப்பதை நினைக்கிறேன்: கடல் கடந்து போய் மூன்று மூன்று ஆண்டுகளாக வாழ்வைக் கழித்த ஏஜெண்டு, வட்டி கட்டிய பர்மிய விவசாயி, தூணைக் கடைந்த ஆசாரி. மெதிச்சியின் கணக்கும் இப்படித்தான். துணிச் சாயத்துக்கு வேண்டிய படிகாரச் சுரங்கத்துக்கான தகராறில் 1472இல் வோல்டெரா நகரம் சூறையாடப்பட்டது, லொரென்சோவின் காலத்தில். கலைக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது கலையை இகழ்வதாகாது. அதன் விலை முழுவதையும் அப்போதுதான் தெரிந்துகொள்கிறோம்.

கொடுத்தார்கள், அதுவும் பெரிதாகக் கொடுத்தார்கள். தன் குடும்பம் 1434 முதல் 1471 வரை கட்டடத்துக்கும் அறத்துக்கும் வரிக்கும் செலவிட்டது 6,63,755 புளோரின் என்று லொரென்சோ எழுதிவைத்தார். செட்டிநாட்டில் இப்படி ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஆனால் பெயர்களைச் சொல்லலாம். கானாடுகாத்தானில் 1881இல் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920இல் தொடங்கிய கல்லூரி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதோடு இசைக் கல்லூரியும். மேடைகளில் தமிழ்ப் பாட்டு கடைசியில் வரும் துக்கடாவாக இருந்த காலத்தில், 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. கல்கியும் ராஜாஜியும் ஆதரவாக நின்றார்கள். தண்டபாணி தேசிகர் போன்றவர்களின் குரலுக்குக் கற்பிக்கும் இடமும் மேடையும் கிடைத்தன. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். குடியிருந்த வீட்டையும் கல்விக்குத் தந்தார். 48 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, 1957 ஏப்ரல் 5 அன்று காலமானார். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியதும் காரைக்குடியில்தான். இவர்கள் கொடுத்ததில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், அரண்மனை வீடுகளை விட இந்தக் கல்லூரிகளும் இசை மன்றமும் என்றே சொல்வேன். வீட்டின் அழகைப் பூட்டி வைக்க முடியும். கற்ற பாட்டைப் பூட்ட முடியாது.

இசையில் பாடியவர் பெயர் நிற்கிறது. கல்லிலும் மரத்திலும் நிற்கவில்லை. புளோரன்ஸில் ஒரு நாணயமாற்று வணிகர், கஸ்பாரே தெல் லாமா, தன் கோயில் பலிபீடத்துக்காகப் போத்திச்செல்லியிடம் ஓர் ஓவியம் கேட்டார். குழந்தை இயேசுவை வணங்க வரும் ஞானியர் கூட்டத்தில் மெதிச்சிகளின் முகங்களை எழுதிய ஓவியர், வலது ஓரத்தில் நம்மைப் பார்த்து நிற்கும் ஒருவராகத் தன்னையே எழுதிக்கொண்டார் என்பது பலரின் கருத்து. கொடுத்தவனும் செய்தவனும் ஒரே படத்துக்குள். எனக்குத் தெரிந்து செட்டிநாட்டு வீட்டு முகப்பில் விலாச எழுத்துகள் இருக்கின்றன, கட்டிய ஆண்டும் சில இடங்களில் இருக்கிறது. கதவில் யாளி செதுக்கிய ஆசாரியின் பெயரை நான் எங்கும் பார்க்கவில்லை.

இந்த நினைப்போடுதான் ஓர் ஆச்சியின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எண்பது கடந்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில். வளவைச் சுற்றி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன; ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது மணமான மகனின் குடும்பத்துக்கு, உரியது. பலகாரம் வைத்துவிட்டு, “எதைத் தேடி வந்தீங்க தம்பி?” என்றார். இந்த வீட்டைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டேன்.

“எங்க ஐயா கட்டினது. பர்மாவுலேருந்து வந்து கட்டினாக.”

“அது சரி ஆச்சி. கையால கட்டினவங்க? ஆசாரி, கொத்தனார்?”

சற்று யோசித்தார். பிறகு மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த இருட்டறையைக் காட்டினார். மரப்பெட்டிக்குள் துணி சுற்றிய பேரேடுகள். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம்; கீழே பழைய கணக்கெழுத்து. பிரிக்கப் பிரிக்கத் தூசி. பல மாதப் பக்கங்களைப் புரட்டிய பிறகு வீடு எழும்பிய கணக்கு வந்தது. சுண்ணாம்பு அரைத்த கூலி, முட்டை வாங்கிய வகை, தச்சுக் கூலி, சிற்பக் கூலி. ஒவ்வொரு கூலிக்கும் எதிரே ஒரு பெயர், ஊரோடு. ஊரில் எவரும் நினைவு வைத்திராதவர்கள் அங்கே வரிசையாக இருந்தார்கள். வீட்டுக்காரர் அழகுக்காக அதை எழுதவில்லை. நாளைக்குத் தகராறு வராமலிருக்க எழுதினார். ஆனால் அந்த எச்சரிக்கைதான் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

“எடைக்குப் போட்ரலாம்னு பேரன் சொல்றான். எனக்கு மனசு வரலை” என்றார் ஆச்சி.

இத்தாலியில் பிராதோ என்ற ஊரில் பிரான்செஸ்கோ தாத்தினி என்று ஒரு வணிகர். 1410இல் இறந்தார். கடவுளையும் லாபத்தையும் ஒரே வரியில் சேர்த்துத் தலைப்பிட்டுக் கணக்கு எழுதியவர். அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சாக்கு மூட்டைகளில் கிடந்தவற்றை 1870இல் எடுத்துப் பார்த்தார்கள்: 500க்கு மேற்பட்ட கணக்குப் புத்தகங்கள், சுமார் 1,50,000 கடிதங்கள். இடைக்கால ஐரோப்பாவின் வணிகத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த மூட்டைகளிலிருந்து வந்தது. புளோரன்ஸின் அனாதைக் குழந்தைகள் இல்லம் 1485இல் ஓவியர் கிர்லாந்தாயோவோடு செய்த ஒப்பந்தத்தில் கூலி 115 புளோரின். தீட்ட வேண்டிய நீல நிறம் அவுன்சுக்குச் சுமார் 4 புளோரின் விலையுள்ளதாக இருக்க வேண்டும். மறுமலர்ச்சிக் கலை வரலாறு எழுதப்பட்டது இப்படிப்பட்ட தாள்களை வைத்து. அந்த ஓவியர்களின் பெயர் நமக்குத் தெரிந்திருப்பது அவர்கள் நம் ஆசாரிகளை விட உயர்ந்தவர்கள் என்பதால் அல்ல. அவர்கள் ஊரில் தாள்களைக் காப்பாற்றினார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் நிற்கின்றன. பிரித்த வீடுகளின் நிலைகளும் தூண்களும் கதவுகளும் அங்கே விற்பனைக்கு. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அதன் பிறகும் வீடுகள் பிரிக்கப்படுகின்றன. இதை எல்லாம் தடுத்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. பங்குதாரர்கள் பெருகிய வீட்டுக்கு வெள்ளையடிப்பதே பெருஞ்செலவு. தாளைக் காப்பாற்ற அந்தச் செலவு ஆகாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு மனிதர், பெரும் வங்கிக்காரரல்ல, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், தன் வீட்டில் சுமார் ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் துண்டுத் தாள்களையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. இன்று அது தரமணியில் இயங்குகிறது.

செட்டிநாட்டில் வேர் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் பேரேடோ, ஐந்தொகையோ, வீடு கட்டிய கூலிக் கணக்கோ இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் பிடியுங்கள். கணக்கெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் உங்கள் ஊரில் இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கூலிப் பெயர்களை மட்டுமாவது எழுதிவையுங்கள். மூலத் தாள்களை ரோஜா முத்தையா நூலகத்திலோ காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக நூலகத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். திண்டுக்கல்லில் பூட்டு செய்கிறவர்களுக்கும் பட்டறைக் கணக்கு உண்டு, அதையும் சேருங்கள்.

அந்த வீட்டுப் பேரேட்டின் கூலிப் பக்கங்களை ஆச்சியின் சம்மதத்தோடு படமெடுத்து, பெயர்களை ஊர் வாரியாக எழுதி, ஒரு படியை ஆச்சியிடமும் இன்னொன்றை அவர் பேரனிடமும் கொடுத்திருக்கிறேன்.